வெள்ளி ஈரலும் காலி அட்டையும்

சாயல்குடி
12 ஜனவரி 2024

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

மைக்செட் மாரீஸ்வரன் எழுதுவது. நலம். இந்த வார்த்தையைப் பன்னிரண்டு வருஷமாக ஒப்புக்கு எழுதிவந்தேன். இன்றைக்குத்தான் அத்தாட்சியோடு எழுதுகிறேன். தொடர்ந்து பத்தாவது வருஷமாக என் ரத்த ரிப்போர்ட்டில் வைரஸ் ‘கண்டறியப்படவில்லை’.

உங்களிடம் மறைத்த ஒரு சங்கதி. முதல் தடவை அப்படி வந்த அன்றைக்கே நயினார்கோவில் சாமியிடம் ஒரு நேர்ச்சை வைத்தேன். பத்து வருஷம் இப்படியே வந்தால் வெள்ளியில் ஈரல் செய்து உண்டியலில் போடுகிறேன் என்று. கார்த்திகையில் போட்டும்விட்டேன். முகம் சுளிக்காதீர்கள். அந்தச் சாமி உங்களுக்கும் வேண்டியவர்தான். முஸ்லிம் வீட்டு ஊமைப் பெண் ஒருத்திக்குப் பேச்சுக் கொடுத்தவர் என்று சொல்வார்கள்.

ஆனால் பாய், வெள்ளி ஈரல் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண், வயிறு, தேள்கூட இருக்கிறது. ஈரல் இல்லை. சாயல்குடி ஆசாரியிடம் போனேன். “அண்ணே, கை கேளுங்க, கால் கேளுங்க. ஈரல் எப்பிடி இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?” என்கிறான். இரண்டு பேருமாக ரிஃபாய் கறிக்கடைக்குப் போய், ஆட்டு ஈரலை முழுசாக எடுத்துப் பலகையில் வைக்கச் சொல்லி, காகிதத்தில் ஓரம் வரைந்துகொண்டு வந்தோம். ரிஃபாய் கேட்டார், “எடை போடவா, படம் போடவா?”

ஆசாரி சும்மா இருப்பானா? “யாருக்குண்ணே ஈரல் கெட்டுப்போச்சு?” என்றான். வாயில் வந்தது என் மச்சினன் முனீஸ்வரன் பெயர். “குடி. வெளிய சொல்லிராத” என்றேன். இப்போது ஊர் முழுக்க அவன் குடிகாரன். பாவம், டீயில்கூடச் சர்க்கரை வேண்டாம் என்கிற மனுஷன்.

வேறு என்ன செய்ய? நான் ரத்த தானம் கொடுக்கப் போய் மாட்டினேன். நீங்கள் சவூதிக்குத் திரும்ப மெடிக்கல் எடுக்கப் போய் மாட்டினீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் மஞ்சள் காமாலை பி, ஆயுள் முழுக்க மாத்திரை என்றார்கள். உண்மை தெரிந்தால் என் மைக்கில் எவன் வாய் வைத்துப் பேசுவான்? ஒட்டாது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டர் வந்தா என் மைக்கை வாடகைக்கு எடுக்கப்போகிறார்?

அன்றைக்கு நீங்கள் போட்ட சட்டப்படி, தவறாமல் போடுகிறேன் என்பதற்குச் சாட்சியாக, மாத்திரை தீர்ந்த காலி அட்டை ஒன்று இத்துடன். போனை மகள் பார்ப்பாள், தபாலை யாரும் பிரிக்கமாட்டார்கள் என்று சொன்னீர்களே, இன்றுவரை பலித்துவருகிறது. தபால்காரர் மட்டும், நமக்குள் ஏதோ பழைய காதல் என்று நினைக்கிறார்.

உங்கள்
மாரி


பெரியபட்டினம்
27 ஜனவரி 2024

தம்பி மாரிக்கு,

வாவு முகம்மது எழுதுவது. கடிதமும் அட்டையும் வந்தன. கடிதத்தைப் பிறகு படித்தேன். முதலில் அட்டையைப் பார்த்தேன்.

தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். சரக்கு வந்ததா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறவனை நாங்கள் ஸ்டோர்கீப்பர் என்று சொல்வதில்லை. பெட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தினம் ஒரு மாத்திரை எடுக்கிறவன் அட்டை பத்து விதமாகக் கிழியும். ஒருநாள் நகத்தால் கீறுவான், ஒருநாள் கட்டை விரலால் அமுக்குவான், ஒருநாள் அவசரத்தில் பக்கத்துக் குழியையும் சேர்த்துப் பிய்ப்பான். நீ பதினொரு வருஷமாக அனுப்பிய அட்டைகள் அப்படித்தான் இருந்தன. கடைசி இரண்டு அட்டையிலும் பத்துக் குழியும் ஒரே மாதிரி, ஒரே பக்கம் கிழிந்திருக்கின்றன. ஒரே உட்காரலில் அமுக்கியவன் கை அது.

மாத்திரையை நிறுத்திவிட்டாய். எனக்கு அனுப்புவதற்காகப் பிதுக்கி எடுக்கிறாய். அப்படித்தானே?

டாக்டர் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். பாம்பு புற்றுக்குள் இருக்கிறது, மாத்திரை புற்று வாயில் வைத்த கல். பாம்பு கண்ணில் படவில்லை என்று கல்லை எடுத்துவிடாதே. நீ நேர்ச்சை போட்ட கோவிலில் இருப்பவரே நாகநாதர். உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றே ஆரம்பி. பதில் எழுது. என் அட்டை இத்துடன்.

வாவு முகம்மது


சாயல்குடி
11 பிப்ரவரி 2024

அன்புள்ள பாய்,

பிடித்துவிட்டீர்கள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் போலீஸில் சேராமல் சவூதியில் நட்டும் போல்ட்டும் எண்ணியது நாட்டுக்கு நஷ்டம்.

ஆமாம், கார்த்திகையிலிருந்து போடவில்லை. பிதுக்கிய மாத்திரைகள் ஒரு டப்பாவில், டப்பா கடையில் பழுதான கூம்பு ஸ்பீக்கருக்குள் இருக்கிறது. எறிய மனசு வரவில்லை.

என் நியாயத்தையும் கேளுங்கள். நோய் போய்விட்டது என்று சொல்லித்தான் சாமிக்கு ஈரல் போட்டேன். குருக்கள்கூட அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது என்ன, மாங்காயா?” என்றார். “ஆமா சாமி, தோப்புக்கு நேர்ச்சை” என்று, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி சோணையம்மாளுக்கும் சேர்த்துச் சந்நிதியிலேயே ஒரு பொய். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கையில் எடுத்தேன். எடுத்தால், சாமியே பக்கத்தில் நின்று, ‘ஏலே மாரி, வெள்ளியை வாங்கிக்கிட்டது நான், வேலை பாக்கிறது அதுவா?’ என்று கேட்கிற மாதிரி இருந்தது. நன்றி சொன்ன பிறகும் மருந்து தின்றால் அது சாமியைச் சந்தேகப்படுகிறது ஆகாதா? அவரைப் பகைத்துக்கொள்ளத்தான் நான் ஈரல் செய்து போட்டேனா?

உடம்புக்கும் ஒன்றும் இல்லை. போன மாதம் மாட்டுப்பொங்கலுக்கு நாலு ஊரில் நான்தான் மைக்செட். ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறினேன். ஐம்பத்து மூன்று வயசில்!

இன்னொன்று. என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே, நீங்கள் மதுரைப் பக்கம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ரத்தம் மட்டும் ராமநாதபுரத்தில் கொடுக்கிறீர்கள், மாத்திரை கூரியரில் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று டாக்டர் சொன்னதும் நம் இரண்டு பேருக்கும்தானே? நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. ஸ்கேனுக்காகப் போகிறேனா, கறி தோசைக்காகப் போகிறேனா என்பது வேறு விஷயம்.

கோபம் வேண்டாம். இந்தத் தடவை அட்டை வைக்கவில்லை. பொய் அட்டை அனுப்ப இனிமேல் வெட்கமாக இருக்கும்.

மாரி


பெரியபட்டினம்
20 மார்ச் 2024

மாரிக்கு,

நோன்பு நடக்கிறது. தராவீஹ் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகு மாத்திரை போடுகிறேன். தூக்கம் கெடுகிறது, மாத்திரை கெடவில்லை.

என் முழங்காலுக்கு மதுரை பஸ் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கும் நீ செய்ததற்கும் சம்பந்தம் இல்லை.

உன் சாமியைப் பற்றி நான் பேசமாட்டேன். மருந்து உன் வேலை, ஷிஃபா, அதாவது குணமாக்குவது, இறைவன் வேலை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உன் வேலையை நீ செய்யவில்லை.

இந்த நோயில் உனக்கு என்னைத் தவிர சாட்சி இல்லை. உன் மனைவியிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அது நாம் செய்துகொண்ட சத்தியத்துக்கு விரோதம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தன் கிணற்றுப் பக்கம் நடந்து போவதைப் பார்க்கிறேன். கத்தினால் கேட்கவில்லை.

அட்டை இல்லாமல் இனி எனக்கு எழுதாதே.

வாவு முகம்மது


சாயல்குடி
9 ஜூலை 2024

அன்புள்ள பாய்,

எழுதக்கூடாது என்றீர்கள். எழுதுகிறேன். அட்டை வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் மன்னிக்கவும். கையில் ஊசி குத்தி நரம்பெல்லாம் நீலம்.

மே கடைசியில் ஆரம்பித்தது. சோறு பிடிக்கவில்லை. மரம் ஏறியவன் நாற்காலியில் ஏறவே யோசித்தேன். ஒருநாள் காலையில் சோணையம்மாள் காபியை நீட்டிவிட்டு அப்படியே நின்றாள். “என்னங்க, மஞ்சத் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கீங்க?” என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். மாரியம்மன் கோவில் முளைப்பாரி அன்றைக்கு நிற்கிறவன் மாதிரி நிற்கிறேன்.

எனக்குத் தெரியும் பாய், என்ன என்று அந்த நிமிஷமே தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தார்கள், குடித்தேன். உப்பில்லாப் பத்தியம் இருந்தேன். பன்னிரண்டு நாள். ஊருக்குள் ஒரே பேச்சு, ‘மைக்செட் மாரி ரகசியமாக் குடிச்சிருக்கான்’ என்று. முனீஸ்வரனுக்கு நான் கொடுத்த பட்டத்தை ஊர் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

பதிமூன்றாம் நாள் பேச்சு குழறியது. என்னைத் தூக்கி வேனில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே முனீஸ்வரன். அருப்புக்கோட்டை தாண்டும்வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அத்தான், கண்ண மூடாதீக, என்னமாச்சும் பேசுங்க” என்று அழுதான். அவன் பெயரைக் கெடுத்தவன் நான் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் தூக்கியிருப்பான், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நம் டாக்டர் இரண்டு கேள்விதான் கேட்டார். “யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

“சாமியை.”

“சாமி என்ன சொன்னாரு?”

நான் கேட்டேனே தவிர, அவர் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை.

ரத்தத்தில் நாற்பதுக்குள் இருக்க வேண்டிய ஈரல் எண் ஆயிரத்து எண்ணூறு. வைரஸ் கோடிக்கணக்கில் எழுந்திருக்கிறது. ‘கண்டறியப்படவில்லை’ என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லையாம். இருபத்து நாலு நாள் படுக்கை. பிழைத்தது அதிர்ஷ்டம், ஆனால் ஈரலில் தழும்பு விழுந்துவிட்டது, பழைய ஈரல் இனிக் கிடையாது என்றார். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று, இந்தத் தடவை உயிர் உள்ளவரை.

சோணையம்மாளிடமும் சொல்லியாயிற்று. டாக்டர் சொல்லிவிட்டார், எனக்கு வேலை மிச்சம். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்ததில் ஒன்றும் இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று. அவள் என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், “அந்த வெள்ளி மாங்கா இதுக்குத்தானா?” என்று மட்டும் கேட்டாள்.

நீங்கள் சொன்னது எல்லாம் நடந்தது. இப்போது என் முறை. நான் மாத்திரை போடுகிறேன். நீங்கள் ஸ்கேன் எடுங்கள்.

மாரி


பெரியபட்டினம்
2 ஆகஸ்ட் 2024

தம்பி மாரி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அல்ஹம்துலில்லாஹ். அட்டையைப் பார்த்தேன். பத்தும் வேறு வேறாகக் கிழிந்திருக்கின்றன. ஒன்றில் பல்லால் கடித்த அடையாளம். ஊசி குத்திய கையோடு போட்டிருக்கிறாய். அதைக் குர்ஆன் வைக்கிற அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் வலி பொய். பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை தினமும் பஸ்ஸில் போகிற கால்தான் இது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மச்சான் மகள் யும்னா ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே போனால் அவள் கையால்தான் பெயர் எழுத வேண்டும். மதுரைக்குப் போவது என்றால் மனைவி காலிதாவிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிக் காரணங்கள் தீர்ந்துவிட்டன. மதுரையில் எனக்கு இல்லாத நண்பர்கள் மூன்று பேரை மவுத்தாக்கிவிட்டேன். நாலாவது ஆளைக் கொல்ல மனம் வரவில்லை.

கம்பெனி மூடியதால்தான் சவூதியிலிருந்து வந்தேன் என்றுதான் வீட்டில் இன்றுவரை நம்புகிறார்கள். மெடிக்கலில் ‘தகுதியில்லை’ என்று முத்திரை விழுந்தது தெரியாது.

ரத்தத்தில் வைரஸ் இல்லை, மாத்திரை ஒருநாளும் தவறவில்லை, அப்புறம் ஸ்கேன் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் சாமி சொன்னதாக நீ நினைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உடம்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது. சர்க்கரையாக இருக்கும்.

வாவு முகம்மது


சாயல்குடி
14 செப்டம்பர் 2024

அன்புள்ள பாய்,

நான் மாத்திரையை விட்டேன், ஸ்கேனை விடவில்லை. நீங்கள் ஸ்கேனை விட்டீர்கள், மாத்திரையை விடவில்லை. நம் இரண்டு பேரையும் சேர்த்து அம்மியில் அரைத்து உருட்டினால் ஒரு ஒழுங்கான நோயாளி கிடைப்பான்.

கேளுங்கள், திட்டம் போட்டுவிட்டேன். அக்டோபர் எட்டு, செவ்வாய்க்கிழமை. காலையில் என் வேன் உங்கள் தெருவுக்கு வரும், மேலே கூம்பு ஸ்பீக்கரோடு. நான் உங்கள் வீட்டில் இறங்கி, “நிக்காஹ் வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கணும், மதுரையில, பாய் வந்து பாத்துத் தந்தா ஏமாற மாட்டேன், சவூதியில ஸ்டோர் பாத்தவுக” என்று காலிதா அக்காவிடம் சொல்வேன். யார் வீட்டு நிக்காஹ் என்று கேட்டால் எனக்கு இருமல் வந்துவிடும். மைக்செட்காரன் பொய்யை யாரும் சந்தேகப்படுவதில்லை, சத்தமாகச் சொல்வதால்.

வரமாட்டேன் என்று எழுதாதீர்கள். எழுதினாலும் வருவேன். வாசலில் நின்று மைக்கில் கூப்பிடுவேன்: ‘வாவு முகம்மது அவர்கள் எங்கிருந்தாலும் ஸ்கேனுக்கு வரவும்.’

அட்டை இத்துடன். சர்க்கரை, சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

மாரி


பெரியபட்டினம்
19 அக்டோபர் 2024

தம்பி மாரி,

அன்றைக்கு டாக்டர் உன்னை வெளியே உட்காரச் சொன்னார் அல்லவா? அப்போது சொன்னதை இதில் எழுதுகிறேன். ‘பித்தப்பையில் சின்னக் கல்’ என்று வேனில் உன்னிடம் சொன்னது பொய். நீ பரமக்குடி வரை, பித்தப்பைக் கல்லைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாய். சொல்ல முடியவில்லை.

கட்டி. ஒன்பது சென்டிமீட்டர். பக்கத்து ரத்தக் குழாய்க்குள்ளும் நுழைந்துவிட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஈரல் மாற்றுவதற்கும் இல்லை. ஒரு மாத்திரை தருகிறார்கள், ஊசி ஒன்றும் இருக்கிறதாம். அது நாளை நீட்டும், கட்டியைப் போக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே பொசுக்கியிருக்கலாம் என்றார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

நான் கேட்டேன், “ஒருநாள்கூடத் தவறலையே டாக்டர், நோன்புலயும் போட்டேனே?” அவர் என் பழைய பைலைப் புரட்டினார். 2012-இலேயே உங்கள் ஈரல் சுருங்க ஆரம்பித்திருந்தது, மாத்திரை அந்தச் சுருக்கத்தை நிறுத்தியது, கட்டி வருகிற வாய்ப்பைக் குறைத்தது, இல்லாமல் செய்யவில்லை என்றார். “மாத்திரை இல்லைன்னா நாலஞ்சு வருஷத்துல நான் உங்களைப் பாத்திருக்கவே முடியாது, பாய். மிச்ச வருஷம் அது குடுத்தது” என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். மகள் மாஷிதா நிக்காஹ் அந்த மிச்ச வருஷத்தில்தான். நீயும் நானும் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் அதில்தான்.

காலிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

அட்டை இத்துடன்.

வாவு முகம்மது


சாயல்குடி
30 அக்டோபர் 2024

பாய்,

ஒரு வாரமாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

பித்தப்பைக் கல்லை வைத்து மோதிரம் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன் இல்லையா? மானாமதுரையில் டீ குடிக்கும்போது. நீங்களும் சிரித்தீர்கள். எப்படிச் சிரித்தீர்கள் பாய்?

உங்களை இழுத்துக்கொண்டு போனவன் நான். போகாமல் இருந்திருந்தால் தெரியாமலாவது இருந்திருக்கும் என்று ஒரு புத்தி சொல்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே மைக்கில் கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று இன்னொரு புத்தி சொல்கிறது. இரண்டும் என் புத்திதான், இரண்டாலும் ஒரு பிரயோசனம் இல்லை.

முட்டாள்தனம் செய்தவன் நான். பிழைத்து உட்கார்ந்து புட்டு தின்கிறேன். ஒழுங்காக இருந்தவர் நீங்கள். இதில் எங்கே பாய் நியாயம்? என் ஈரலில் பாதியை வெட்டித் தருகிறேன் என்று வீராப்பாக எழுதலாம் என்று பார்த்தேன். அதுவும் உங்களுடையது மாதிரிதானே, அதே மாத்திரையைத் தின்று கிடக்கிறது. கொடுப்பதற்கு என்னிடம் ஒழுங்கான உறுப்பு வாய் ஒன்றுதான்.

நேற்று ஆசாரி கடையைத் தாண்டிப் போனேன். “என்னண்ணே, இன்னொரு ஈரல் செய்யணுமா? படம் பத்திரமா இருக்கு” என்றான். வெயிலில் அப்படியே நின்றேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான்.

அக்காவிடம் சொல்லுங்கள். சோணை சொன்னாள், “அவுகளுக்குச் சொல்லாம இருக்கிறதுதான் பாவம்” என்று. அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். நான் வரட்டுமா?

மாரி


பெரியபட்டினம்
6 ஜனவரி 2025

தம்பி மாரி,

காலிதாவிடம் சொன்னேன். அவள் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சாயல்குடியில ஒரு மைக்செட்காரவுகளுக்குத் தெரியுது. பன்னெண்டு வருசமாப் பக்கத்துல படுத்திருக்க எனக்குத் தெரியக்கூடாதா?” என்றாள். அதற்குப் பிறகு என் மாத்திரை டப்பாவை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தாயிற்று. யும்னாதான் கூட்டிப்போய் எடுத்தாள். யாருக்கும் ஒன்றும் இல்லை. அவள் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. எந்தப் பிள்ளைக்குப் பயந்து ஆறு வருஷம் ஒளிந்தேனோ, அந்தப் பிள்ளைதான் இப்போது வந்து என் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறது.

வரட்டுமா என்று கேட்டாய். வராதே. வயிறு ஊதி, முகம் சிறுத்துப்போயிற்று. நீ பார்த்தால் வேடிக்கையாகப் பேச வராது உனக்கு. உன்னிடம் எனக்கு வேண்டியது அதுதான். எழுது.

இத்துடன் இருக்கும் அட்டையைப் பார். ஆறுதான் கிழிந்திருக்கிறது. நாலு அப்படியே இருக்கிறது. வாந்தியில் நாலு நாள் போட முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் கை போயிற்று, நாலையும் பிதுக்கிவிட்டு அனுப்பலாம் என்று. உன் நினைவு வந்தது.

சட்டம் போட்டவன் நான். மீறினால் என்ன அபராதம் என்று அன்றைக்கு நாம் எழுதிக்கொள்ளவில்லை. நீயே விதித்து எழுது.

வாவு முகம்மது


சாயல்குடி
13 ஜனவரி 2025

அன்புள்ள பாய்,

இன்றைக்குப் போகி. ஊரில் பழசெல்லாம் எரிக்கிறார்கள். நான் அந்தப் பழுதான கூம்பு ஸ்பீக்கரை எரிக்கலாம் என்று எடுத்தேன். உள்ளே அந்த டப்பா. பிதுக்கிப் போட்ட மாத்திரைகள் பொடிந்து கிடக்கின்றன. இதையெல்லாம் நான் தின்றிருந்தாலும் உங்கள் கட்டி வராமல் இருந்திருக்காது என்று தெரிகிறது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சோணை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஊர்ச் செய்தி ஒன்று. முனீஸ்வரனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் யோசித்துவிட்டு, “அதான் டாஸ்மாக்ல இருந்து வர்றவன்லாம் எனக்கு வணக்கம் வச்சானா அத்தான்?” என்றான். அவ்வளவுதான். அவனுக்கு என்மேல் கோபப்படக்கூடத் தெரியவில்லை.

என் மைக்கை இன்னும் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது, ஆனாலும் எடுக்கிறார்கள். போன வாரம் காது குத்தில் ஒரு பெரியவர் மட்டும் மைக்கை வேட்டியால் துடைத்துவிட்டுப் பேசினார். பேசி முடித்த பிறகும் துடைத்தார். இதற்காகவா பாய் நாம் பன்னிரண்டு வருஷம் ஒளிந்தோம்?

வேடிக்கையாக எழுதச் சொன்னீர்கள். இதற்கு மேல் வரவில்லை. ஒரு பஸ்ஸிலும் ஏறாமல், வாசலிலும் வந்து நிற்காமல், இங்கே உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வராதே என்றீர்கள், வரவில்லை. வேன் மட்டும் இரண்டு நாளாகப் பெரியபட்டினம் பக்கமே முகத்தைத் திருப்பி நிற்கிறது.

என் அட்டை இத்துடன். பத்துக் குழி, பத்து விதம். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அட்டையையும் அந்த நாலோடு அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன். அபராதம் கேட்டீர்கள் அல்லவா? இதுதான். முடிகிற அன்றைக்கு ஒன்றைக் கிழியுங்கள். முடியாத அன்றைக்கு விடுங்கள். அப்புறம் எனக்கு அனுப்புங்கள்.

நாலும் கிழிந்திருக்க வேண்டும் என்று இல்லை பாய். எத்தனை கிழிந்திருந்தாலும் அனுப்புங்கள்.

மாரி